பேச்சு நின்ற வீடுகள்

கத்துகிறவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தட்டை விட்டெறிகிறவர், கதவை அறைகிறவர், கை ஓங்குகிறவர் எல்லோரும் கதைகளில் வந்துவிட்டார்கள். பேச்சை நிறுத்திக்கொள்கிறவர் அந்த அளவுக்கு வருவதில்லை. நான் பார்த்த வீடுகளில் அதிகம் நடந்தது அதுதான். சண்டை பத்து நிமிஷம், அதற்குப் பின்னால் பத்து நாள் மௌனம். அந்தப் பத்து நாளும் உலை கொதிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், பால்காரர் கணக்கு தீரும், கரண்ட் பில் கட்டப்படும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அமைதியான குடும்பம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கை மாறுகிறது, எதனால் விடுகிறது என்று அவ்வப்போது எழுதிவைத்த துண்டுகள் இவை.

*

தென்காசிப் பக்கம் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீடு. தாத்தா முன்கட்டில் ஈஸிச்சேரில் இருப்பார். ஆச்சி உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேருக்கும் நடுவே நாலு எட்டுத் தூரம். அந்த நாலு எட்டுக்குள் நான்.

"ஏட்டி, ஒங்க தாத்தாட்ட சொல்லு, சோறு வச்சாச்சுன்னு."

"பசிக்கலன்னு சொல்லு."

"பொறவு பசிச்சா அடுப்படியில ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லு."

ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்வேன். சொன்னது சொன்னபோதே இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். எதைச் சூடு குறைத்துச் சொல்வது, எதை விழுங்கிவிடுவது என்பதெல்லாம் அந்த வயதிலேயே எனக்குக் கைவந்துவிட்டது. 'ஒண்ணும் இருக்காது' என்பதை 'சோறு ஆறிப்போகுதாம் தாத்தா' என்று மாற்றிச் சொன்னால் தாத்தா எழுந்து வந்துவிடுவார். "பிள்ளை எம்புட்டுச் சமத்து" என்று வந்தவர்கள் மெச்சுவார்கள்.

அந்தச் சமத்து என்னோடு வளர்ந்தது. அலுவலகத்தில் யாரோ இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இருந்தால் எனக்கு வயிறு இறுகும். அது என் சண்டையாக இருக்காது, என் துறையாகக்கூட இருக்காது. இருந்தாலும் இரண்டு பேர் மேஜைக்கும் போய் ஏதாவது பேசிச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். பழைய மனப்பழக்கம் நினைவாக வந்து நிற்பதைவிட உடம்பாகத்தான் முதலில் வந்து நிற்கிறது. வயிறு, தோள்பட்டை, தொண்டை. காரணம் பிறகுதான் தெரியும். பல பேருக்குத் தெரியாமலே போகும்.

*

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று. தாயின் எதிரே சில மாதக் குழந்தை. முதலில் வழக்கமான கொஞ்சல். பிறகு தாய் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பார்க்கலாம், சிரிக்கவோ பேசவோ தொடவோ கூடாது. இரண்டு மூன்று நிமிஷம்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. பிறகு குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடம்பு தொய்ந்துவிடுகிறது. இதன் வீடியோக்களை முழுதாகப் பார்ப்பது எனக்குக் கஷ்டம்.

இந்தச் சோதனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ட்ரானிக் பிறகு கண்டது. நன்றாக இருக்கிற தாயும் குழந்தையுமேகூட ஒருவருக்கொருவர் ஒத்திசைந்து இருப்பது மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான். மிச்ச நேரமெல்லாம் தவறிப்போவதும் மறுபடி வந்து சேர்வதும். குழந்தை ஒரு பக்கம் பார்க்கும், தாய் வேறு பக்கம் இழுப்பாள்; சில நொடியில் யாராவது ஒருவர் சரிசெய்துகொள்வார். இந்தச் சின்னச் சின்னச் சரிசெய்தல் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. 'போனவள் வருவாள், கெட்டது சரியாகும்' என்ற நம்பிக்கையைக் குழந்தை அதில்தான் எடுத்துக்கொள்கிறது.

எனக்கு இது பெரிய ஆறுதல். நூற்றுக்கு நூறு பொருந்திப்போகிற வீட்டில் வளராததால் நாம் கெட்டுப்போகவில்லை. சரிசெய்யத் தெரியாத வீட்டில் வளர்ந்திருக்கிறோம். அதை இப்போது கற்றுக்கொள்ள முடியும்.

*

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் 'காய்' விட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் 'பழம்' விட்டுவிடுகிறார்கள். அதற்கு நீட்டுகிற விரல் ஊருக்கு ஊர் மாறும். சில ஊரில் 'டூ', 'சேத்தி'. பகைக்கு ஒரு சடங்கு இருந்தால் அதை முடிக்கவும் ஒரு சடங்கு இருக்க வேண்டும் என்பது ஏழு வயதில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முப்பது வயதில் முதலாவது மட்டும் மிஞ்சுகிறது.

*

கிப்ளிங் வில்லியம்ஸ் ஒதுக்கப்படுவதைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். பூங்காவில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஃப்ரிஸ்பீ தட்டு எறிந்து விளையாடியபோது அவரையும் சேர்த்துக்கொண்டு, சற்று நேரத்தில் அவர் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டார்கள். அதில் பட்ட வலி அவரையே திகைக்கவைத்தது. அதிலிருந்து பிறந்தது கம்ப்யூட்டரில் பந்து எறியும் சோதனை: திரையில் மூன்று பேர், சில சுற்றுக்குப் பின் உங்களுக்கு மட்டும் பந்து வராது. 2003இல் இதையே ஸ்கேனருக்குள் படுக்கவைத்துச் செய்து பார்த்தார்கள். உடம்பு வலியின் வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதி ஒன்று அப்போதும் கிளர்ந்தது. எறிவது வெறும் கம்ப்யூட்டர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் மனிதர்களுக்கு உறைக்கவே செய்கிறது என்று பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது.

திரையில் ஓடும் பந்துக்கே இப்படி. அடுப்படியில் அம்மா முகம் கொடுக்காமல் நகர்வதைப் பார்த்து நிற்கிற எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். 'நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா, ஒரு அடி அடிச்சேனா' என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சொல்லவில்லை, அடிக்கவில்லை. வலி மட்டும் பொய்யில்லை.

*

திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் பிணக்கைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. உலகத்துக்கே அறம் சொன்னவர் நூலை முடிப்பது கணவன் மனைவி கோபித்துக்கொள்வதில். ஊடல் நம் இலக்கியத்தில் வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருந்ததே இல்லை. அளவும் முடிவும் உள்ள ஒன்றாக இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது தொல்காப்பியம் கற்பியலில் வருகிற வாயில்களின் பட்டியல். பிணங்கியவளிடம் தலைவனுக்காகப் பேசப் போகிறவர்கள் 12 பேர். தோழி, தாய், பாணன், கூத்தர், அறிவர் என்று போகிற அந்தப் பட்டியலில் விருந்தினரும் உண்டு. வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. அந்தச் சந்தில் கணவன் உள்ளே வந்துவிடுவான். இன்றைக்கும் அதேதான். மாமா வந்து இறங்கினால் 'ஏங்க, காப்பி கலக்கவா' என்று குரல் திரும்பும். மாமா ஊருக்குப் போன பிறகு சில வீடுகளில் அந்தக் குரல் நின்றுவிடும். நல்ல வீடுகளில் அப்படியே தொடரும்.

பன்னிரண்டு பேர் இருந்த வேலையை இன்று ஒரு பிள்ளை தலையில் வைக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா கிடையாது, சித்தப்பா வேறு ஊரில், கூட்டுக்குடும்பம் கலைந்து இரண்டு படுக்கையறை வீடு. சங்கப் பாட்டிலும் மகன் வருகிறான். தந்தை கையில் குழந்தையாக வருவான், அவனைப் பார்த்துத் தாய் மனம் இளகும், அவ்வளவுதான். செய்தி சுமந்து அங்குமிங்கும் ஓடுகிற வேலையை அவனுக்குக் கொடுக்கவில்லை.

*

பேசாமல் உட்கார்ந்திருப்பவர் உள்ளே அமைதியாக இருக்கிறார் என்றுதான் எதிராளிக்குத் தோன்றும். "கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாரு, எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது." ஜான் காட்மன் தம்பதிகளை உட்காரவைத்து, உடம்பில் கருவி பொருத்தி, வாக்குவாதம் செய்யவிட்டுப் பார்த்தவர். அவர் கண்டது நேர்மாறு. கல்லாக உட்கார்ந்தவரின் நாடி பல சமயம் நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த நிலையில் எதிரே இருப்பவர் சொல்வது காதுக்குள் போகாது. தப்பிப்பது ஒன்றுதான் உடம்புக்குத் தெரியும்.

அவர் சொல்கிற ஒரு சோதனை: வாக்குவாதம் உச்சத்தில் இருக்கும்போது 'கருவியைச் சரிபார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்' என்று தம்பதிகளை நிறுத்தி, அரைமணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். திரும்ப ஆரம்பித்தபோது நாடி தணிந்திருந்தது, பேச்சின் தொனியும் மாறியிருந்தது. புத்திமதி எதுவும் சொல்லவில்லை. உடம்பு அடங்க அவகாசம் கொடுத்தார்கள்.

இதை நான் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, எழுந்து போவது தப்பில்லை. சில சமயம் அதுதான் நல்லது. இரண்டு, சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'இப்ப என்னால பேச முடியல, சாப்பிட்டுட்டுப் பேசலாம்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் அது இடைவெளி. ஒன்றும் சொல்லாமல் எழுந்தால் எதிராளிக்கு அது தண்டனை. எழுந்து போகிறவரின் நாடி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் மலையளவு.

*

அம்மாவின் மௌனம் தாத்தாவுடையதுபோல் இருக்காது. தூதெல்லாம் கிடையாது. முகம் மூடிக்கொள்ளும். கேட்டால் "ஒண்ணுமில்ல". மூன்று நாள், நாலு நாள். என்ன தப்புச் செய்தோம் என்று நானும் தம்பியும் ரகசியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். பிறகு ஒரு காலையில், எதுவுமே நடக்காததுபோல, "காப்பி ஆறுது பாரு" என்பாள். அவ்வளவுதான். என்ன கோபம், எதனால் போனது, எதுவும் தெரியாது.

நாங்கள் பெரியவர்களாகி, எங்களுக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு மாசி மாதம். புதுப் புளி வந்திருந்தது. முற்றத்தில் சாக்கை விரித்து அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டை உடைத்து நாரை உரித்துக் கொடுக்க, அவள் வகுந்து கொட்டையை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"சின்னப் பிள்ளையில ஒனக்குக் கோவம் வந்தா என்னம்மா பண்ணுவ?"

"கோவப்பட விட்டாத்தான."

சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள். அழுதால் அரங்குவீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். குதிர் இருக்கிற அறை, ஜன்னல் கிடையாது. அழுகை நின்றால்தான் கதவு திறக்கும். "நான் சட்டுனு நிப்பாட்டிருவேன். ஒங்க பெரியம்மைக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. கத்திக்கிட்டே கெடப்பா." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற சிரிப்பு.

கொஞ்ச நேரம் புளி வகுபடுகிற சத்தம் மட்டும்.

"கதவு திறந்தா யாரும்மா நிப்பா?"

"ஒங்க ஆச்சிதான்." அவள் கை நின்றது. "திறந்து விட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவா. தூக்க மாட்டா." கையில் இருந்த புளியை இரண்டாக வகுந்தாள். கொட்டையை எடுக்கவில்லை. "வந்து ஒரு தடவ தூக்கியிருக்கலாம்லா."

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

*

செல்மா ஃப்ரைபர்க் 1975இல் சக ஊழியர்களோடு எழுதிய கட்டுரையைப் புளிநாளுக்குப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை செய்தவர். குழந்தை அறையில் பேய்கள் என்று பொருள்படும் தலைப்பு. அதில் ஒரு தாய். கைக்குழந்தை அலறுகிறது, பக்கத்தில் இருக்கும் தாய்க்கு அது காதில் விழாததுபோல் இருக்கிறது. அவளுடைய குழந்தைப் பருவம் கைவிடப்பட்ட ஒன்று. சிகிச்சைக்காரர்கள் வீட்டுக்குப் போய், அவள் சமையலறையில் உட்கார்ந்தே பேசுகிறார்கள். தன் பழைய கதையைச் சொல்லும்போது அவள் குரலில் வலி இல்லை. நாளாக நாளாக அழுகிறாள். தன் அழுகையை ஒருவர் கேட்டபிறகு, குழந்தையின் அழுகை அவளுக்குக் கேட்க ஆரம்பிக்கிறது. குழந்தையை அள்ளி அணைத்துக்கொள்கிறாள்.

கொடுமைப்பட்டவர்கள் எல்லோரும் கொடுமை செய்வதில்லை, அப்படியானால் யார் செய்கிறார்கள் என்பது ஃப்ரைபர்க்கின் கேள்வி. அவர் சொல்கிற பதில் நுணுக்கமானது. நடந்தது இரண்டு சாராருக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு எப்படி இருந்தது என்ற உணர்ச்சி யாருக்கு மறந்துபோயிற்றோ அவர்தான் தெரியாமலே அதைத் திரும்பச் செய்கிறார். 'எங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு, அதனாலதான் நான் இன்னைக்கு ஒழுங்கா இருக்கேன்' என்று சிரிக்கிற ஆண்கள் எத்தனை பேர். நடந்தது முழுக்க நினைவிருக்கிறது. அந்தப் பையன் கட்டிலுக்கடியில் எப்படி இருந்தான் என்பது போய்விட்டது.

அம்மாவுக்கு மௌனம் கதவைத் திறந்துவிட்ட சாவி. நாலு வயதில் அது வேலை செய்தது. அறுபது வயதுவரை அவள் அதையே போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள். இது தெரிந்த பிறகு எனக்கு அவள்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விடவில்லை. போக வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தோன்றவில்லை. காரணம் புரிவதும் மன்னிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டியதில்லை.

ஆச்சியைக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை. பதினாலு வயதில் கல்யாணமாகி வந்தவள். அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் 'அடுப்படி வேலைய யாரு பாக்க' என்று கேட்கிற வீடு. அவள் சின்னதாக இருந்தபோது அவளை யார் தூக்கினார்கள் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

அம்மா மாறிவிட்டாள் என்று எழுத மாட்டேன். மௌனம் இப்போதும் வருகிறது. ஆனால் போகும்போது "மனசு சரியில்ல, ஒங்க மேல ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் பிள்ளைகள் ரகசியக் கணக்குப் போடுவதில்லை.

*

பழைய பழக்கம் அழிவதில்லை. சோற்றோடு சேர்ந்து வந்த சமிக்ஞைக்கு எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாய்க்குச் சோறு இல்லாமல் அந்தச் சமிக்ஞையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு விட்டுவிட்டுக் கொடுத்தால் மறுபடி ஊறும். பின்னாளில் மார்க் பவுட்டன் எலிகளோடு செய்த வேலை இதை இன்னும் தெளிவாக்கியது: ஓரிடத்தில் பயம் கற்ற எலிக்கு வேறிடத்தில் வைத்துப் பயத்தைப் போக்கிவிடலாம். பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டால் பயம் திரும்பும். போக்கியது அழிக்கவில்லை, மேலே புதிதாக ஒன்றை எழுதியிருக்கிறது, அவ்வளவே.

பொங்கலுக்கு ஊருக்குப் போன நாற்பத்தைந்து வயதுக்காரர், அப்பாவின் செருமல் கேட்டதும் பன்னிரண்டு வயதாகிவிடுவது இதனால்தான். சென்னையில் மனைவியோடு மனம்விட்டுப் பேசப் பழகியவர், ஊர்க் கூடத்தில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொள்கிறார். மனைவிக்கு இது வஞ்சகமாகத் தெரிகிறது. 'அங்க நல்லாத்தான இருந்தீங்க?' அவர் சென்னையில் கற்றுக்கொண்டது பொய்யாகிவிடவில்லை. அதை இந்தக் கூடத்திலும் ஒருமுறை கற்க வேண்டியிருக்கிறது. பஸ் ஏறும் முன்பே இரண்டு பேரும் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

*

பிள்ளைகள் முன்னால் சண்டை போடாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போட்டுவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறவர்கள் குறைவு. மார்க் கம்மிங்ஸும் குழுவினரும் பெரியவர்களைச் சண்டை போடுவதுபோல் நடிக்கவைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்தார்கள். சண்டை தீர்ந்ததைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. பெரியவர்கள் வேறு அறைக்குப் போய்ப் பேசித் தீர்த்துவிட்டோம் என்று வந்து சொன்னபோதுகூடக் குறைந்தது.

நம் வீட்டில் இதுதான் நடப்பதில்லை. சண்டை கூடத்தில், சமாதானம் படுக்கையறையில். பிள்ளை பார்த்தது முதல் பாதியை மட்டும். அப்பா மறுநாள் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வருகிறார், 'சாப்ட்டியா?' என்கிறார். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு இறங்கிவந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைக்குப் போதாது. கோபம் எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி அதற்கு வேண்டும். இல்லாவிட்டால் கோபத்தை மழை வெயில்போல, காரணமின்றி வந்து காரணமின்றிப் போவது என்று எடுத்துக்கொண்டு வளர்கிறது.

*

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம், குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. ஆள் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம். பலன் அதைத் தாண்டியது. உறவுக்குள் பட்ட காயத்தை, உறவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆற்றுவது கடினம்.

*

ஒரு எச்சரிக்கையை இங்கே எழுதியாக வேண்டும். அடி விழுகிற வீட்டில் மௌனம் பாதுகாப்பு. அங்கே பெண்ணிடம் போய் 'நீதான் இறங்கிப் போய்ப் பேசு' என்று சொல்வது பாவம். சரிசெய்தல் என்பது இரண்டு பேருக்கும் பயமில்லாத இடத்தில் மட்டுமே பொருந்தும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லாலும் மனதளவிலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. 181க்குக் கூப்பிடலாம். மனம் தாங்காத இரவுகளுக்கு 14416, டெலிமானஸ், தமிழிலும் பேசுவார்கள்.

*

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, மனநோய், கலைந்த குடும்பம் என்று பல சிக்கல்கள் ஒருசேர அமைந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெற்றோரோ, பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, நிலையாக ஒரு ஆள் இருந்தார். இது பலருக்கும் தெரிந்த பாதி.

பதின்வயதில் தடம் புரண்ட மற்றவர்களிலும் பெரும்பாலோர் நாற்பது வயதை எட்டுவதற்குள் நிமிர்ந்துவிட்டார்கள் என்பது மறு பாதி. நல்ல துணை அமைந்தது, விட்ட படிப்பைத் தொடர்ந்தது, ஒரு கோயிலிலோ சபையிலோ சேர்ந்தது. எனக்கு இந்த இரண்டாம் பாதிதான் மேல். பாட்டி வாய்க்காதவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

*

செல்போன் வந்தபிறகு மௌனத்துக்கு நேரம் குறிக்கப்பட்டுவிட்டது. நீல டிக் விழுந்தது 7.42க்கு. பதில் இல்லை. 'ஆன்லைன்' என்று காட்டுகிறது. பதில் இல்லை. அந்தக் காலத்தில் தபால்காரர்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே வீட்டுக்குள் 'கேஸ் புக் பண்ணியாச்சு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிற தம்பதிகளைத் தெரியும். நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தவில்லையே என்ற அளவில் அது பரவாயில்லை.

*

எங்கள் அடுக்ககத்தில் ஒரு தம்பதி. அவர் வளர்ந்தது பேச்சு நின்ற வீடு, அந்தம்மா வளர்ந்தது கத்தித் தீர்க்கிற வீடு. அவள் குரல் உயர்ந்தால் அவர் வாயடைத்துப்போவார். அவர் வாயடைத்தால் அவள் குரல் இன்னும் உயரும். பல வருஷம் இப்படி. ஓர் ஆலோசகரிடம் போய்வந்து இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முடியாதபோது அவர் "ஒம்பது மணி, மொட்டை மாடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அவள் பின்னாலேயே போய்த் தொடரக்கூடாது. ஒன்பது மணிக்கு அவர் கட்டாயம் வந்தாக வேண்டும்.

முதல் சில தடவை அவர் வரவில்லை. அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியாக நின்றுவிட்டு இறங்கி வந்தாள். பிறகு வந்தார், பேசத் தெரியவில்லை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பேசிவிட்டு இறங்கினார்கள். அதற்கும் பிறகுதான் "நீ சத்தம் போட்டா எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துருது" என்று அவரால் சொல்ல முடிந்தது. "நீங்க பேசாம போனா இனிமே வரவே மாட்டீங்கன்னு தோணுது" என்று அவள் சொன்னாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடைய அவர்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

போன வாரம் அவர்கள் மகள் சாப்பிடும்போது இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒம்பது மணியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமா. நீ படுத்துக்கோ, காலையில சொல்றோம்."

காலையில் பல் தேய்க்கும்போதே கேட்டாளாம். பாட்டி ஊருக்குக் காரில் போவதா ரயிலில் போவதா என்பதுதான் சண்டை. ரயில். ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று அவள் அப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.